மண்ணில் இருக்கும் கிருமிக்குத் தொழிலாளியா பொறுப்பு?



மெலியோய்டோசிஸ் என்றொரு நோய் இருக்கிறது. இலங்கையில் இந்த நோய் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1927இல் வெளிவந்தது. அந்த நோயாளி யார் தெரியுமா? கொழுந்து கிள்ளியவரல்ல, கான் வெட்டியவரல்ல, வயற்சேற்றில் இறங்கியவருமல்ல. கொழும்பில் வாழ்ந்த ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகர்.

தேயிலையை விற்றவரின் உடம்பில் இருந்த கிருமியை அன்றைய மருத்துவம் தேடிப் பிடித்தது. தேயிலையைப் பறித்தவர், நெல்லை விதைத்தவர், தென்னைக்குக் குழி வெட்டியவர் ஆகியோரின் உடம்பில் அதே கிருமி இருக்குமா என்று யாரும் தேடவில்லை. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இந்த நோய் இங்கு அபூர்வம் என்றே எழுதி வைத்தார்கள். 2006இல் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொரியாவும் அவரோடு சேர்ந்தவர்களும் முறையாகத் தேடத் தொடங்கினார்கள். 2017 வரையில் ஆய்வுகூடத்தில் உறுதியான நோயாளர் தொகை ஏறத்தாழ 250. அவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்துபோனார். ஒரு மாகாணத்தில் மட்டும் கண்ட நோயும் அல்ல. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளர் வந்தார்கள்.

இந்த 250 பேரும் 2006இல் வானத்திலிருந்து விழுந்தவர்களா? அதற்கு முன் செத்தவர்களுக்கு என்ன பெயர் போட்டுப் புதைத்தோம்? காய்ச்சல், நிமோனியா, கசம், சீனி வருத்தம், விதி. இந்தப் பெயர்களுக்குக் கீழே எத்தனை உழைப்பாளிகள் கிடக்கிறார்கள் என்று யாருக்கும் கணக்கு இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை. நமது வாதம் இங்கேதான் தொடங்குகிறது.

நோய் எங்கிருந்து வருகிறது?

இது பக்டீரியாவால் வரும் நோய். அந்தப் பக்டீரியா மண்ணிலும் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. வெயில் காலத்தில் மண்ணின் ஆழத்தில் கிடக்கும். மழை பெய்து நிலம் ஊறினால் மேலே வரும். காலில் உள்ள வெட்டு, கீறல், பித்தவெடிப்பு வழியாக உடம்புக்குள் போகும். பெருமழையும் காற்றும் அடிக்கும்போது மூச்சோடும் போகலாம். கொதிக்காத நீரைக் குடித்தாலும் போகலாம். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்க ஒரு காரணமும் இல்லை.

1911இல் பர்மாவின் ரங்கூன் நகரில் அல்பிரட் விட்மோர் என்ற வைத்தியரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசுவாமியும் இதை முதன்முதலில் அடையாளம் கண்டார்கள். எங்கே கண்டார்கள்? சவச்சாலையில், ஆதரவற்ற ஏழைகளின் பிணங்களை அறுத்துப் பார்த்தபோது. இந்த நோயின் சரித்திரமே ஏழை செத்த பிறகு தொடங்கிய சரித்திரம். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பல இடங்களில் அப்படித்தான் தொடர்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 165,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்று 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. பாதிக்கு மேல் மரணம்! மருந்து இல்லாத நோய் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து இருக்கிறது. நேரத்துக்குக் கண்டுபிடிப்பதுதான் நடப்பதில்லை.

தேற்றாத்தீவிலிருந்து படுவான்கரைக்கு

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிறது தேற்றாத்தீவு. இந்த எழுவான்கரை ஊர்களில் தென்னை, தோட்டப் பயிர், வாவி மீன்பிடி, கூலிவேலை எல்லாம் உண்டு. ஆனால் பெரிய வயல்வட்டைகள் வாவிக்கு அப்பால் படுவான்கரையில். ஐப்பசி மழை தொடங்கினால் விதைப்பு. மார்கழி, தை வரைக்கும் நீருக்குள் வேலை. வரம்பு கட்டுபவர், களை பிடுங்குபவர், உரம் எறிபவர், வாடியில் இரவுக் காவல் இருப்பவர் என்று எல்லாருடைய காலும் சேற்றில். இங்கு மாரிப்போகத்தின் காலமும் இந்தக் கிருமி மேலே வரும் காலமும் ஒன்றே. தென்னந்தோட்டத்தில் குழி வெட்டுபவருக்கும் கான் துப்புரவாக்குபவருக்கும் அதே மழை, அதே மண்.

மட்டக்களப்பில் ஒரே காலத்தில் பலர் இந்த நோயோடு வைத்தியசாலைக்கு வந்த நிகழ்வு மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. 2021இல் வெளியான அந்த ஆய்வில் நோயாளரிடமிருந்து எடுத்த கிருமிகளின் மரபணுவைச் சோதித்தார்கள். ஒரே குடும்பத்துக் கிருமி அல்ல, பல வகைகள் இருந்தன. இதன் பொருள் நமக்கு முக்கியமானது. ஒரு கிணறோ ஒரு குளமோ அழுக்கானதால் எல்லாருக்கும் வந்ததல்ல. அந்தந்த மனிதர் உழைத்த அந்தந்த நிலத்திலிருந்து வந்திருக்கக்கூடும். அதாவது இது வேலைத்தலத்து நோய்.

இந்த ஊரின் பெயரைத் தேற்றா மரத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்தால் கலங்கல் நீர் தெளியும் என்பது நம் பாட்டிமார் அறிந்த வித்தை. அது நல்ல வித்தை. ஆனால் தெளிந்த நீர் எல்லாம் கிருமி இல்லாத நீர் ஆகாது. தெளிந்த பிறகும் கொதிக்க வைக்க வேண்டும், அல்லது கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டும். மலையகத்துப் பீலித் தண்ணீருக்கும் இதே சட்டம்தான். கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது என்று தோட்ட நிருவாகம் சொன்னால், "சோதித்த அறிக்கை எங்கே?" என்று கேளுங்கள்.

பெயர் தெரியாமல் சாவது எப்படி?

ஒரு கூலித் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. சீனி வருத்தம் இருக்கிறது, ஆனால் சோதித்ததில்லை. காலில் வெட்டு. மழையில் பத்து நாள் வேலை செய்கிறார். காய்ச்சல் வருகிறது. கடைக்குப் போய் பனடோல் வாங்குகிறார். அடுத்த நாள் பார்மசியில் நாலு அமொக்சிசிலின் குளிசை. காய்ச்சல் விடவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. ஆகவே இன்னும் இரண்டு நாள் போகிறார். ஐந்தாம் நாள் மூச்சு வாங்குகிறது. அப்போதுதான் ஆஸ்பத்திரி.

இந்தக் கதையில் எத்தனை இடத்தில் அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். பூட்ஸ் இருந்திருந்தால். சீனி முன்பே சோதிக்கப்பட்டிருந்தால். வருத்தத்தில் நின்ற நாளுக்குக் கூலி இருந்திருந்தால். முதல் நாளே குருதி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பியிருந்தால். இதில் ஒன்றாவது அவருடைய "கவலையீனமா"?

இந்த நோய் பல வேடம் போடும். நுரையீரலில் வந்தால் நிமோனியா போலவும் கசம் போலவும் தோன்றும். ஈரலில், மண்ணீரலில், மூட்டில் சீழ்க்கட்டி வைக்கும். பிள்ளைகளுக்குக் காதுக்குக் கீழே கன்னம் வீங்கிச் சீழ் பிடிக்கலாம். சிலருக்கு உடம்பெல்லாம் நஞ்சேறி இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். இன்னும் சிலருக்குக் கிருமி பல காலம் உறங்கிக் கிடந்து பிறகு எழும்பும். சளிச் சோதனையில் கசக் கிருமி இல்லை, கச மருந்துக்கும் குணமில்லை என்றால், "மெலியோய்டோசிஸ் பார்த்தீர்களா?" என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

யாருக்கு ஆபத்து அதிகம்? முதலிடம் சீனி வருத்தக்காரருக்கு. இலங்கையில் உறுதியான நோயாளரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நீரிழிவு இருந்தது. சிறுநீரக நோய், தலசீமியா உள்ளவர்களுக்கும் அளவுமீறிக் குடிப்பவர்களுக்கும் ஆபத்துண்டு.

சோதனையும் மருந்தும்

உறுதியான சோதனை ஒன்றுதான்: குருதி, சளி, சிறுநீர், சீழ் ஆகியவற்றை எடுத்து ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அதற்கு இரண்டு மூன்று நாளோ அதற்கு மேலோ ஆகும். முடிந்த மட்டும் அன்டிபயோட்டிக் கொடுக்கும் முன்பே குருதி எடுக்க வேண்டும். அதனால்தான் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்கிறோம். அந்த நாலு குளிசை இந்த நோயைக் குணப்படுத்தாது, சோதனையையும் குழப்பிவிடும். அமொக்சிசிலின், பென்சிலின், ஜென்டமைசின் முதலிய வழக்கமான மருந்துகளுக்கு இந்தக் கிருமி பொதுவாக அடங்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வளர்த்த தட்டில் இந்தக் கிருமியைப் பார்த்தாலும், பழக்கமில்லாத கண்ணுக்கு அது எங்கிருந்தோ கலந்த அழுக்குக் கிருமி போலத் தெரியும், கழித்துவிடுவார்கள். ஆகவே நோயாளியின் தொழில் என்ன, மண்ணிலும் நீரிலும் நின்றாரா, சீனி இருக்கிறதா என்பதெல்லாம் ஆய்வுகூடத்துக்குப் போகும் துண்டில் எழுதப்பட வேண்டும். வாட்டில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் வயல் வேலை செய்கிறேன், காலில் காயம் இருந்தது, சீனி இருக்கிறது." இந்த மூன்று வாக்கியமும் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

நோய் என்று தெரிந்தால் மருந்து உண்டு. செப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி, குறைந்தது பத்துப் பதினான்கு நாள் நாளம் வழியாக. அதற்குப் பிறகு கோட்ரைமொக்சசோல் குளிசை, குறைந்தது மூன்று மாதம். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

இப்போது சொல்லுங்கள் தோழர்களே, இரண்டு கிழமை வாட்டில், மூன்று மாதம் குளிசையும் கிளினிக்கும். நாட்கூலிக்காரர் எப்படித் தாங்குவார்? மருந்து இலவசம் என்கிறார்கள். மருந்து இலவசம்தான்; நாள் இலவசமா? கிளினிக் போகும் நாளில் பேர் விழாது. பாதிக் கூலியாவது வருமே என்று உடம்பு தேறுமுன் மனிதர் மீண்டும் சேற்றில் இறங்குகிறார். அல்லது குளிசையை விடுகிறார். நோய் திரும்பும்போது, "மருந்தை ஒழுங்காக எடுக்காத நோயாளி" என்று அட்டையில் எழுதப்படுகிறது. கூலி கொடுக்காத முதலாளியைப் பற்றி எந்த அட்டையிலும் எழுதுவதில்லை.

சொல்லப்படும் சாக்குகள்

முதல் சாக்கு: "தொழிலாளிக்குச் சுத்தம் தெரியாது." சேற்றில் இறங்காமல் நெல் விளையுமா? கானில் இறங்காமல் கான் வெட்ட முடியுமா? வேலையே மண்ணில்தான். அந்த மண்ணில் கிருமி இருக்கிறது என்று தெரிந்துகொண்டே வெறுங்காலோடு இறக்குகிறவர்தான் சுத்தத்தைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாம் சாக்கு: "எலிக்காய்ச்சலுக்குக் குளிசை கொடுக்கிறோமே." கொடுப்பது நல்ல காரியம், சண்டை போட்டாவது அதை வாங்கிப் போடுங்கள். வயல் வேலைக் காலத்தில் பொதுச் சுகாதார பரிசோதகர் மூலம் கிடைக்கும் டொக்சிசைக்கிளின் எலிக்காய்ச்சலுக்கான காப்பு. 2008இல் இந்த நாட்டில் 7,000க்கும் மேற்பட்டவர்கள் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவாகி, 200 பேரளவில் இறந்தார்கள். அந்த அடிக்குப் பிறகு எலிக்காய்ச்சல் எல்லார் வாயிலும் அடிபட்டது. ஆனால் அந்தக் குளிசை மெலியோய்டோசிசுக்குக் காப்பு அல்ல. இதற்குத் தடுப்பூசியும் இல்லை. பூட்ஸும், காயத்தை மூடுவதும், சீனிக் கட்டுப்பாடும், நல்ல நீரும்தான் காப்பு. ஒன்றைக் கொடுத்து மற்றதை மறைக்கக் கூடாது.

மூன்றாம் சாக்கு: "இது தொழில் நோய்ப் பட்டியலில் இல்லை." சர்வதேசத் தொழில் தாபனத்தின் 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் எலிக்காய்ச்சல், ஏற்புவலி, காசநோய் எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. பெயர் சொல்லாத கிருமியாக இருந்தாலும், வேலைக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு அறிவியல் வழியில் காட்டப்பட்டால் அதையும் தொழில் நோயாகக் கொள்ளலாம் என்று அதே பட்டியல் இடம் விட்டிருக்கிறது. நமது வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் வந்தது. அந்தச் சட்டத்தை எழுதிய காலத்தில் மெலியோய்டோசிஸ் இங்கு ஒரு தரகரின் நோய். இன்று அது உழைப்பவரின் நோய் என்று தெரிந்துவிட்டது. சட்டமும் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

நான்காம் சாக்கு நமக்குள்ளேயே இருக்கிறது: "அது மட்டக்களப்பு வயற்காரர் பிரச்சினை, தோட்டத்துக்கு என்ன?" மலையிலிருந்து எத்தனை பிள்ளைகள் இன்று கீழே இறங்கிக் கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறார்கள்? 1977 வன்முறைக்குப் பின் மலையை விட்டு வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய நம் சொந்தங்கள் இன்று எந்த மண்ணில் உழைக்கிறார்கள்? போடியார் வயலில் நின்றாலும் துரையின் மலையில் நின்றாலும் கால் ஒன்றுதான், காயமும் ஒன்றுதான். பெரட்டுக்கு நிற்கும் கொழுந்துக்காரியின் காலில் அட்டை கடித்த புண்ணை இன்றுவரை எந்தக் கம்பனி தன் கணக்கில் எழுதியிருக்கிறது?

நாம் செய்ய வேண்டியவை

நிருவாகத்திடமும் அரசாங்கத்திடமும் கேட்பதற்கு முன், நம் கையில் உள்ளதை விட்டுவிடக் கூடாது.

காலில் கையில் வெட்டுக் காயம் இருந்தால் நீர் புகாத துணியால் மூடிக் கட்டாமல் சேற்றில் இறங்காதீர்கள். வேலை முடிந்தவுடன் சவர்க்காரம் போட்டு நல்ல நீரில் கழுவுங்கள். சீனி வருத்தம் உள்ளவர், பெருமழை வெள்ள நாட்களில் முடிந்தவரை நீருக்குள் நிற்கும் வேலையைத் தவிர்க்கட்டும். கூட்டாளிகள் அவருக்கு மேட்டு வேலையை விட்டுக்கொடுங்கள். கொதித்தாறிய நீர் குடியுங்கள். நாற்பதைத் தாண்டிய ஒவ்வொருவரும் சீனி சோதியுங்கள். மழைக்கால வேலைக்குப் பிறகு வரும் காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நின்றால் கடைக் குளிசை வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ, சீனி வருத்தம் இருந்தாலோ இரண்டாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

நாம் கேட்பவை

ஒன்று: வயலிலும் தோட்டத்திலும் நீரிலும் சேற்றிலும் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் இறப்பர் பூட்ஸும் கையுறையும் வேலை கொடுப்பவர் செலவில் வேண்டும். கூலியில் கழிக்கக் கூடாது. போடியாராக இருந்தாலும் சரி, கம்பனியாக இருந்தாலும் சரி.

இரண்டு: குருதி வளர்ப்புச் சோதனை மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரியோடு நிற்கக் கூடாது. தேற்றாத்தீவுக்காரர் முதலில் ஓடுவது களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கு; தோட்டத்துக்காரர் ஓடுவது பக்கத்து மாவட்ட வைத்தியசாலைக்கு. அங்கேயே குருதி எடுத்து, அன்றைக்கே ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் ஒழுங்கு ஆண்டு முழுவதும் இருக்க வேண்டும். ஊசி மருந்து மழைக்காலத்துக்கு முன்பே இருப்பில் இருக்க வேண்டும்.

மூன்று: உறுதியான ஒவ்வொரு நோயாளியும் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கப்பட்டு, அவர் எந்த நிலத்தில், யாரிடம், என்ன வேலை செய்தார் என்று விசாரிக்கப்பட வேண்டும்.

நான்கு: வாட்டில் இருக்கும் நாளுக்கும் கிளினிக் போகும் நாளுக்கும் கூலி வேண்டும். மூன்று மாத மருந்துக் காலத்தில் உலர்ந்த இடத்து இலகு வேலை, முழுப்பேரோடு.

ஐந்து: மெலியோய்டோசிசும் எலிக்காய்ச்சலும் மண்ணிலும் நீரிலும் உழைப்பவரின் தொழில் நோய்களாகச் சட்டத்தில் பெயரிடப்பட வேண்டும். உழைக்கப் போன இடத்தில் தொற்றி இறந்தவரின் குடும்பத்துக்கு நட்டஈடு வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் என்று யாராவது சொன்னால், ஒரு சோடி பூட்ஸின் விலையையும் ஒரு மரணத்தின் விலையையும் அவர் எந்தத் தராசில் நிறுத்தார் என்று கேளுங்கள்.

மண்ணிலிருந்து கிருமியை யாராலும் துடைத்தெடுக்க முடியாது. அது நமக்கு முன்பே இங்கிருந்தது. ஆனால் அதன் மேல் வெறுங்காலோடு நிறுத்துவது மனிதர் எடுத்த முடிவு. சோதனைக்கு அனுப்பாதது மனிதர் எடுத்த முடிவு. வருத்தத்தில் கிடந்த நாளுக்குக் கூலியை வெட்டியதும் மனிதர் எடுத்த முடிவு. மனிதர் எடுத்த முடிவை மனிதர் மாற்றலாம், அதற்குத்தான் சங்கம்.

அடுத்த மாரி மழை விழுமுன் ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் இந்த ஐந்து கோரிக்கைகளையும் வாசியுங்கள். எழுத வாசிக்கத் தெரியாத தோழருக்கு வாசித்துக் காட்டுங்கள். கையொப்பம் சேருங்கள். வேலை கொடுப்பவரிடமும் சுகாதாரத் திணைக்களத்திடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் துண்டு வாங்கி வாருங்கள்.